சீட்டுக்கு அடியில் ஒரு சப்வூஃபர்: சின்னப் பெட்டிக்குள் பேஸ் நுழைந்த கதை

கார்ல சவுண்டு செட்டப் பத்தி ஒரு எபிசோட் போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தீங்க. எந்த கம்பெனி வாங்கலாம், எவ்வளவு பட்ஜெட்ங்கிற மாதிரி எபிசோட் இல்ல இது. நம்ம வழக்கம்போல ஒரு பொருளை எடுத்து, அது எப்படி இங்க வந்து சேர்ந்ததுன்னு பார்க்கப் போறோம். இன்னைக்கு எடுத்திருக்கிற பொருள், முன்சீட்டுக்கு அடியில் தள்ளி வைக்கிற பவர்டு சப்வூஃபர்.

பார்க்காதவங்களுக்காக சொல்றேன். அலுமினியத்தில் ஒரு தட்டைப் பெட்டி. சுமாரா 34 சென்டிமீட்டர் நீளம், 24 அகலம், 7.5 உயரம். கணக்குப் போட்டா வெளி அளவே 6 லிட்டர்தான். ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் மூணு அளவு இடம்னு வச்சுக்கோங்க. அதுக்குள்ளயே எட்டு இன்ச் ஸ்பீக்கர், அதை ஓட்டுற ஆம்ப்ளிஃபையர், மேல் சத்தத்தை வடிகட்டி பேஸை மட்டும் விடுற ஃபில்டர், எல்லாம் இருக்கு. 1990-கள்ல இதே வேலைக்கு பிளைவுட்ல ஒரு பெட்டி அடிச்சு டிக்கியில வைப்பாங்க. அதுக்கப்புறம் டிக்கியில சூட்கேஸ் வைக்க இடம் இருக்காது.

அந்தப் பெட்டி எப்படி இவ்வளவு சின்னதாச்சு? ஸ்பீக்கர் டெக்னாலஜி முன்னேறிடுச்சுன்னு பட்டுன்னு சொல்லிடுவோம். அது பாதி பதில். ஸ்பீக்கர் என்கிற பொருளின் அடிப்படை கிட்டத்தட்ட 100 வருஷமா மாறவே இல்லை. மாறினது அதுக்கு முன்னாடி இருக்கிற சங்கதி. பேட்டரி வோல்ட்டேஜை ஏத்துற வித்தையும், அதை வீணாக்காம ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற வித்தையும்தான் நம்ம கதாநாயகர்கள்.

முதல்ல ஸ்பீக்கர். 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், அதில் ஒட்டிய காகிதக் கூம்பு. கரண்ட் ஏறி இறங்க, சுருள் முன்னும் பின்னும் அசையும், கூம்பு காற்றைத் தள்ளும். இன்றைக்கு உங்க கார் கதவில் இருப்பதும் இதே அமைப்புதான். அடுத்த வருஷமே ஆர்சிஏ இதை ரேடியோலா 104 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையரும் இருந்தது. அதாவது ஆம்ப்ளிஃபையரோடு சேர்ந்த ஸ்பீக்கர் என்பது ஏதோ புது ஐடியா கிடையாது. இந்த வகை ஸ்பீக்கர் கடைக்கு வந்ததே அப்படித்தான்.

ஆனால் பேஸ் ஒரு தனிப் பிரச்சினை. ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் அதிர்வெண் பாதியாகும், அது நமக்குத் தெரியும். அதே சத்தம் கேட்கணும்னா கூம்பு தள்ள வேண்டிய காற்றின் அளவு நாலு மடங்காகும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்ற இடத்தில், 40 ஹெர்ட்ஸில் நாலு மில்லிமீட்டர் அசையணும். 20-க்குப் போனால் 16. இன்னொரு தொல்லையும் உண்டு. கூம்பு முன்பக்கம் காற்றை அழுத்தும்போது பின்பக்கம் காற்று விரியுது. தாழ்ந்த ஒலியில் இந்த ரெண்டும் சுத்திவந்து ஒண்ணையொண்ணு அழிச்சுடும். அதைத் தடுக்கத்தான் பெட்டி. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி நடந்துக்கும். பெட்டி சின்னதா இருந்தா ஸ்பிரிங் விறைப்பா இருக்கும், கூம்பை அசைய விடாது, பேஸ் போயிடும். அதனால 1950-கள் வரைக்கும் நல்ல பேஸ் வேணும்னா வழி ஒண்ணுதான், பெரிய பெட்டி. வீட்டுக் கூடத்தில் பீரோ மாதிரி நிற்கும் ஸ்பீக்கர்கள், சுவரையே குடைந்து பதித்த ஸ்பீக்கர்கள் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு.

இங்கே எட்கர் வில்சூர் வருகிறார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மறுவுருவாக்கம் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். அவருடைய யோசனை தலைகீழானது. கூம்பைத் தாங்கிப் பிடிக்க விளிம்பில் ஒரு விறைப்பான பொருளை வைக்கிறோமே, அதுவும் ஒரு ஸ்பிரிங்தானே? அதைத் தளர்வாக்கிவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காக ஏன் பயன்படுத்தக் கூடாது? காற்று ஸ்பிரிங் ஒழுங்காக நடந்துகொள்ளும், சத்தம் சிதையாது. எல்லோரும் பிரச்சினை என்று பார்த்ததை அவர் ஒரு பாகமாகவே எடுத்துக்கொண்டார். அவரிடம் படித்த ஹென்றி கிளாஸ் என்ற இளைஞரோடு சேர்ந்து 1954-ல் மசாசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஏஆர்-1 என்ற அவர்களுடைய முதல் ஸ்பீக்கர் புத்தக அலமாரியில் வைக்கிற அளவு. பீரோவை ஓரங்கட்டியது. வில்சூருக்கு 1956-ல் கிடைத்த காப்புரிமை பிறகு நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. அதுக்கப்புறம் அவர் கண்டுபிடித்த டோம் ட்வீட்டருக்கு காப்புரிமைச் சண்டையே வேண்டாம்னு விட்டுட்டார். பின்னாளில் கம்பெனியை விற்றுவிட்டு, காது கேட்கும் கருவிகள் பற்றிய ஆராய்ச்சிக்குப் போனார். தனி எபிசோட் போடலாம் இவரைப் பத்தி.

ஹென்றி கிளாஸ் கொஞ்ச நாளில் பிரிந்து, 1957-ல் மால்கம் லோ, ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன் இருவரோடும் சேர்ந்து கேஎல்ஹெச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். மூன்று பேருடைய பெயரின் முதலெழுத்துதான் கம்பெனிப் பெயர். இதில் அந்த ஹெச், ஹாஃப்மன், இன்னைக்கு நமக்கு முக்கியம். அவருடைய அப்பா உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஜோசஃப் ஹாஃப்மன். அந்த அப்பா கச்சேரி நேரம் போக மீதி நேரத்தில் கண்டுபிடிப்புகளில் இறங்கி, காருக்கு ஷாக் அப்சார்பர் உட்பட பலவற்றுக்குக் காப்புரிமை வாங்கியவர். மகன் ஸ்பீக்கருக்கு ஒரு விதியை விட்டுப் போனார். இத்துறையில் அதற்கு ஹாஃப்மனின் இரும்பு விதி என்று பெயர்.

விதி ரொம்ப எளிமை. பேஸ் ஆழமா இறங்கணும், பெட்டி சின்னதா இருக்கணும், குறைஞ்ச பவர்ல நிறைய சத்தம் வரணும். இந்த மூணுல எந்த ரெண்டை வேணும்னாலும் எடுத்துக்கலாம். மூணாவது கிடைக்காது.

இதுக்கு எண்கள் கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தார்கள். நெவில் தீல் 1961-ல் அங்கே ஒரு பொறியியல் இதழில் வெளியிட்ட கட்டுரையை வெளி உலகம் பத்து வருஷம் கண்டுகொள்ளவே இல்லை. 1971-ல் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கத்தின் இதழில் மறுபடி அச்சானபோதுதான் அதன் அருமை தெரிந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரிச்சர்டு ஸ்மால் அதை விரித்து 1972, 1973-ல் தொடர் கட்டுரைகள் எழுதினார். அதற்கு முன்பு ஸ்பீக்கர் பெட்டி செய்வது ஏறக்குறைய கைப்பக்குவம். அதற்குப் பிறகு கணக்கு. அவர்களுடைய சமன்பாடு சொல்வது இதுதான்: ஸ்பீக்கரின் திறன், பெட்டியின் கன அளவோடு நேர்விகிதத்தில் போகும். எவ்வளவு ஆழம் இறங்குறோமோ, அந்த அதிர்வெண்ணின் மூன்றடுக்கோடும் போகும். ஒரு ஸ்தாயி கீழே போகணும்னா ஒண்ணு பெட்டி எட்டு மடங்கு பெருசாகணும், இல்லன்னா பவர் எட்டு மடங்கு ஏறணும்.

இப்ப நம்ம சீட்டுக்கடிப் பெட்டிக்கு இதைப் போட்டுப் பாருங்க. டிக்கியில இருந்த பெட்டி 60 லிட்டர், 50 வாட், 30 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்குதுன்னு வச்சுக்குவோம். பெட்டியை 6 லிட்டர் ஆக்கினா, அதே ஆழம், அதே சத்தத்துக்கு 500 வாட் வேணும். நம்ம பெட்டிக்குள்ள இருக்கிறது ஒரு 125 வாட். அதாவது ரெண்டரை மடங்கு பவர் கொடுத்தோம், பத்து மடங்கு இடத்தைப் பிடுங்கினோம். நாலு மடங்கு பாக்கி. அந்தப் பாக்கியை ஆழத்தில் கட்டணும். நாலுக்கு கனமூலம் சுமார் 1.6. 30 ஹெர்ட்ஸ் 48 ஆகிடும். காகிதக் கணக்குதான், ஆனா சீட்டுக்கடி சப்வூஃபர்கள் 40-க்கும் 50-க்கும் நடுவுல மூச்சு விட ஆரம்பிக்கிறதுக்குக் காரணம் இதுதான். எந்தக் கம்பெனி செஞ்சாலும் இரும்பு விதி ஒண்ணுதான்.

ஆக, சின்னப் பெட்டிக்கு விலை பவர். காருக்குள்ள அந்தப் பவர் எங்கிருந்து வரும்? இங்கதான் கதை 1930-க்குத் திரும்பணும்.

சிகாகோவில் பால் கால்வின், ஜோசஃப் கால்வின் என்ற சகோதரர்கள் 1928-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். வீட்டு ரேடியோவுக்கு பேட்டரி இல்லாமல் கரண்டில் ஓட ஒரு சாதனம் செய்தார்கள். அந்த வியாபாரம் படுக்கவே, காருக்கு ரேடியோ செய்யலாம் என்று இறங்கினார்கள். 1930 ஜூனில் அட்லான்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. அரங்கத்தில் கடை போட வசதியில்லாத பால் கால்வின், தன் காரையே வெளியே நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாக ஓடவிட்டு ஆர்டர் பிடித்தார் என்பார்கள். மோட்டார் என்ற சொல்லோடு, விக்ட்ரோலா போன்ற அந்தக்கால இசைப்பெட்டிப் பெயர்களின் வாலை ஒட்டி மோட்டரோலா என்று பெயர் வைத்தார். விலை 110 முதல் 130 டாலர். அப்போது எளிய ஃபோர்டு மாடல் ஏ கார் ஒன்றே 500 டாலருக்குள் கிடைத்தது.

அந்த ரேடியோவைப் பொருத்துவது ஒரு நாள் வேலைக்குக் குறையாது. காரணம் வோல்ட்டேஜ். கார் பேட்டரி அப்போது 6 வோல்ட். ரேடியோவில் இருந்த வால்வுகளுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேணும். அதனால் காரின் தரைப் பலகையை அறுத்து, அதற்கடியில் தனியாக உயர் வோல்ட் உலர் பேட்டரிகளைப் பெட்டியில் வைத்தார்கள். தீர்ந்தால் மாற்றணும். இன்ஜினின் ஸ்பார்க் பிளக் எழுப்புகிற கரகரப்பை அடக்க தனி வேலை வேறு.

இந்தக் காலத்தைப் பற்றி மோட்டரோலா வரலாறு எழுதுபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கதை உண்டு. கடன் கேட்டுப் போன கால்வின், வங்கிக்காரரின் மனம் இளகட்டும் என்று அவருடைய பேக்கார்டு காரில் ஒரு ரேடியோ பொருத்திக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்ததாம். கடன் கிடைக்கலைன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. கதை எவ்வளவு உண்மையோ, காரில் தெரியாமல் ஒரு வயர் இழுத்தால் என்ன ஆகும் என்பது மட்டும் முழு உண்மை. அதுக்குக் கடைசியில் வர்றேன்.

சீக்கிரமே தனி பேட்டரிக்கு மாற்று வந்தது. அதன் பெயர் வைப்ரேட்டர். ஒரு மெல்லிய உலோக நாக்கு, நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தடவை துடித்து, 6 வோல்ட்டை வெட்டி வெட்டி அனுப்பும். நேர் மின்சாரம் டிரான்ஸ்பார்மரில் ஏறாது, வெட்டி வெட்டி அனுப்பினால் ஏறும். வெளியே 200 வோல்ட்டுக்கு மேல் வரும். அதை மறுபடி நேராக்கி வால்வுகளுக்குக் கொடுப்பார்கள். இண்டியானாபொலிஸில் இருந்த மாலரி கம்பெனி இதைச் செய்வதில் பெரிய கை. அதே மாலரிதான் பிற்காலத்தில் டியூராசெல் பேட்டரியைக் கொண்டு வந்தது. பழைய கார் ரேடியோவை ஆன் செய்தால் பாட்டுக்கு முன்னாடி ஒரு ரீங்காரம் கேட்கும், அது இந்த நாக்கு துடிக்கிற சத்தம். தேய்ந்துபோனால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகுவார்கள்.

வெட்டு, ஏத்து, நேராக்கு. இந்த மூணு வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க.

1955-ல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து, வால்வே இல்லாத, முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடும் கார் ரேடியோவை அறிவித்தன. அதே சமயத்தில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டில் இருந்து 12 வோல்ட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. டிரான்சிஸ்டருக்கு 12 வோல்ட்டே போதும். வைப்ரேட்டர் செத்தது. எல்லோருக்கும் நிம்மதி. சின்ன ரேடியோ, சூடு இல்லை, ரீங்காரம் இல்லை.

ஆனா இந்த நிம்மதிக்குள்ள ஒரு பொறி இருந்துச்சு. வோல்ட்டேஜை ஏத்துற வேலையை விட்டதோட, பவருக்கும் ஒரு கூரை விழுந்துடுச்சு. பள்ளிக்கூட ஓம் விதி போதும். ஓடுற காரில் பேட்டரி வோல்ட்டேஜ் 14.4ன்னு எடுத்துக்குவோம். ஸ்பீக்கர் 4 ஓம். ஸ்பீக்கரின் ரெண்டு முனையையும் எதிரெதிராக இழுக்கிற பிரிட்ஜ் முறையில், அலையின் உச்சி அதிகபட்சம் 14.4 வோல்ட் போகலாம். அதன் ஆர்எம்எஸ் மதிப்பு 10.2 வோல்ட். பவர் 26 வாட். அதுவும் கனவு ஆம்ப்ளிஃபையரில். நிஜத்தில் 20 பக்கம். அதுக்கு மேல எந்த கில்லாடி வந்தாலும் 4 ஓமில் எடுக்க முடியாது.

அப்போ டேஷ்போர்டுல இருக்கிற ஸ்டீரியோ மேல "50 வாட் × 4"ன்னு போட்டிருக்கே? 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுங்க. 51.8 வரும். பாட்டு அலையா இல்லாம, உச்சியிலேயே அறுத்துத் தட்டையாக்கின சதுர அலையை விட்டா வர்ற பவர் அது. அந்த நிலையில் நீங்க கேட்கிறது பாட்டு கிடையாது, இரைச்சல். முழுப் பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. இந்த நம்பர் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, அதைச் சொல்லி மாளாது.

1970-களில் இந்தக் கூரையை உடைக்க ஆட்கள் வந்தார்கள். அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் 1973-ல் கம்பெனி தொடங்கிய ஜிம் ஃபாஸ்கேட் அவர்களில் முக்கியமானவர். பின்னாளில் ராக்ஃபோர்டு ஃபாஸ்கேட் என்று பெயர் பெற்றது அது. கார் ஆம்ப்ளிஃபையர் என்ற தனிப் பெட்டி பிறந்தது. அதன் உள்ளே பாதி இடத்தை அடைத்துக்கொண்டது எது தெரியுமா? 12 வோல்ட்டை வெட்டி, டிரான்ஸ்பார்மரில் ஏற்றி, நேராக்கும் பகுதி. அதே வைப்ரேட்டர்தான். உலோக நாக்குக்குப் பதில் டிரான்சிஸ்டர், பிறகு மாஸ்ஃபெட். நொடிக்கு நூறு தடவைக்குப் பதில் பல ஆயிரம் தடவை வெட்டு. வெட்டுகிற வேகம் ஏற ஏற டிரான்ஸ்பார்மர் சின்னதாகும் என்பது இன்னொரு லாபம். உங்க போன் சார்ஜர் உள்ளங்கையில் அடங்குவதும் அதனால்தான். 1955-ல் புதைச்சதை இருபது வருஷம் கழிச்சு வேற உடம்புல எழுப்பிட்டாங்க.

பவர் வந்துடுச்சு, அதை வச்சு கேட்கிறதுக்கு பேஸும் வேணுமே. ரோலண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனி 1980-ல் டிஆர்-808 என்ற டிரம் மெஷினை வெளியிட்டது. நிஜ டிரம் மாதிரியே இல்லைன்னு பலர் ஒதுக்கினாங்க. சுமார் 12,000 மெஷினோடு 1983-ல் உற்பத்தி நின்றது. ஆனால் அதன் கிக் டிரம், 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இழுத்துக்கொண்டே போகும் ஒரு சுத்தமான அதிர்வு. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த அந்த மெஷினை ஹிப்ஹாப் இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். மயாமியில் அந்த பேஸை மையமாக வைத்தே ஒரு இசை வகை உருவாகி, மயாமி பேஸ் என்றே பெயர் பெற்றது. 1984-ல் காருக்கான சிடி பிளேயரை பயனியரும் சோனியும் கொண்டுவந்த பிறகு, கேசட்டின் இரைச்சல் இல்லாமல் அடி ஆழம் வரை பேஸ் காருக்குள் நுழைந்தது. டிக்கி முழுக்க ஸ்பீக்கர் வைக்கும் காலம் தொடங்கியது.

அந்தச் சத்தம் சட்டமன்றம் வரைக்கும் போச்சு. கலிஃபோர்னியாவில் 50 அடி தூரத்தில் கேட்கும்படி காரில் பாட்டு வைத்தால் குற்றம். ஃபுளோரிடா அதை 25 அடியாக வைத்திருந்தது. ஆனால் வியாபார விளம்பர வண்டிக்கும் அரசியல் பிரச்சார வண்டிக்கும் விலக்கு. ஓட்டு கேட்டா கத்தலாம், பாட்டு கேட்டா கூடாதா என்று வழக்குப் போய், 2012-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாதாக்கியது. நம்ம ஊர் மைக் செட் ஆட்டோவை நினைச்சுக்கிட்டேன்.

சரி, பெட்டி எப்போ சின்னதாச்சு? 1996-ல் பாப் கார்வர் என்பவர் சன்ஃபயர் கம்பெனி மூலம் வீட்டுக்கான ஒரு சப்வூஃபரை வெளியிட்டார். பக்கத்துக்கு 11 இன்ச் இருக்கும் ஒரு கனசதுரம். உள்ளே 2,700 வாட் என்று சொல்லப்பட்ட ஆம்ப்ளிஃபையர். ஆள் இரும்பு விதியை மீறவே இல்லை. மூன்றில் திறனைத் தூக்கிப் போட்டுவிட்டு, பவரைக் கொட்டினார். எவ்வளவு கொட்டினால் எவ்வளவு சின்னதாக்கலாம் என்று கண்ணுக்கு முன்னால் காட்டியது அந்தப் பெட்டி.

காரில் இதைச் செய்ய இன்னொரு தடை, சூடு. பழைய ஏபி வகை ஆம்ப்ளிஃபையர் பழைய காலத்து ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. வேண்டாத கரண்டை சூடாக்கித் தள்ளும். 125 வாட் வெளியே கொடுத்தால் கிட்டத்தட்ட 100 வாட் சூடாகப் போகும். சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட். நாலு சால்டரிங் அயர்னை ஆன் செய்து, கார்ப்பெட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்த மாதிரி. யாரும் உட்கார மாட்டாங்க. டி வகை ஆம்ப்ளிஃபையர், கரண்டை அதிவேகமாக ஆன், ஆஃப் என்று மட்டும் வெட்டும். இடைப்பட்ட நிலையே கிடையாது, அதனால சூடும் குறைவு. அதே 125 வாட்டுக்கு 20 வாட் பக்கம்தான் வீண். ஐடியா பழசு. 1964-லேயே இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் எக்ஸ்-10 என்று ஒரு கிட் விற்றார். அந்தக் கால டிரான்சிஸ்டர்களுக்கு வேகம் போதவில்லை, சொன்ன 10 வாட் வரலை. வேகமான மாஸ்ஃபெட்டுகள் 1970-களின் கடைசியில் பரவின. டிரைபாத் கம்பெனியின் டிஏ2020 போன்ற சிப்புகள் 1990-களின் கடைசியில் டி வகையை நல்ல ஒலித் தரத்தோடு மலிவாக்கின. பேஸுக்கு டி வகை இன்னும் சுலபம். 100 ஹெர்ட்ஸை உருவாக்க வெட்டு வேகம் அவ்வளவு நுணுக்கமா இருக்க வேண்டியதில்லை.

இதோட காரே ஒரு உதவி செய்யுது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் எட்டரை மீட்டர். கார் உள்ளே மொத்தம் மூணு மீட்டர்கூட இல்ல. அலை முழுசா விரிய இடமில்லாததால, ஒரு 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ கார் அறை மொத்தமும் ஒரே அழுத்தப் பாத்திரமா மாறிடும். ஆழம் இறங்க இறங்க காரே பேஸை ஏத்திக் கொடுக்கும். அதே 6 லிட்டர் பெட்டியை வீட்டுக் கூடத்துல வச்சா பரிதாபமா இருக்கும். கார் ஜன்னலை இறக்கினா பேஸ் கரையுதே, அதுவும் இதனாலதான்.

ஏத்துற பகுதி, டி வகை, நீளமா அசையுற கூம்பு, கார் அறை கொடுக்கிற இனாம். இந்த நாலும் சேர்ந்த இடம்தான் சீட்டுக்கு அடி. அந்த இடத்தை கார் கம்பெனிகளும் விடல. 2000-கள்ல பிஎம்டபிள்யூ முன்சீட்டுக்கு அடியிலேயே வூஃபர் வச்சு கார்களை விற்க ஆரம்பிச்சது.

இப்ப வாங்கப் போறவங்க காதைத் தீட்டிக்கோங்க. அட்டைப் பெட்டி மேல 600 வாட்னு இருக்கும். வீட்டு ஆம்ப்ளிஃபையர்களின் வாட் பொய்களைத் தடுக்க அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1974-லேயே விதி போட்டது. ஆனால் அது வீட்டுச் சாதனங்களுக்கு மட்டும். கார் அதில் வரவில்லை. 2003-ல்தான் அங்கே தொழில்துறை தானாக சிஇஏ-2006 என்ற அளவுகோலை வகுத்தது. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று. அதுவும் விருப்பப்பட்டவங்க பின்பற்றலாம் என்ற வகைதான். அதனால் அட்டையை விட்டுட்டு ஃபியூஸைப் பாருங்க. 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட பெட்டிக்குள் போகிற பவரே 14.4 × 10, 144 வாட். அதுல 85 சதவீதம் வெளிய வந்தாலும் 122. மீதி 478 வாட்டை அட்டைப் பெட்டிகிட்டதான் கேட்கணும்.

பொருத்துற விஷயத்துல நான் கறாரா இருப்பேன். சிகரெட் லைட்டர் சாக்கெட் வயரிலிருந்தோ, கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு வயரிலிருந்தோ பவர் எடுக்காதீங்க. பேட்டரியிலிருந்து தனி செப்பு வயர். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள்ள ஒரு ஃபியூஸ். பெட்டியில் ஏற்கெனவே ஃபியூஸ் இருக்கேன்னு எலெக்ட்ரீஷியன் சொல்வார். அது பெட்டியைக் காப்பாத்தும், வயரைக் காப்பாத்தாது. இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகரத்துல வயர் நுழையுற இடத்துல ரப்பர் வளையம் இல்லைன்னா, அதிர்வுல உறை அறுந்து பாடியில் படும். ஸ்டார்ட்டர் மோட்டாரையே சுத்துற பேட்டரி அது, நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயர் வழியா கொட்டும். வங்கிக்காரரோட பேக்கார்டு மறுபடியும் நடக்கும். பேட்டரி பக்கத்து ஃபியூஸ் இருந்தா, ஒரு டப் சத்தத்தோட முடிஞ்சிடும்.

எர்த் வயரை பெயின்ட் சுரண்டின வெறும் தகரத்துல, குட்டையா போடுங்க. சீட்டுக்கு அடியில மஞ்சள் நிற கனெக்டர் தெரிஞ்சா கழட்டாதீங்க, அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. சீட்டை முழுசா முன்னாடி, பின்னாடி தள்ளிப் பார்த்து, தண்டவாளத்தில் வயர் சிக்கலைன்னு உறுதி பண்ணிக்கோங்க. கம்பெனி ஸ்டீரியோவை மாத்த வேண்டியதில்ல. பெரும்பாலான பெட்டிகள் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னலை எடுத்துக்கும். ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வச்சு, கெயினைக் குறைவுல ஆரம்பிங்க. கடைசியா, ஃபேஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கும், 0, 180ன்னு. டிரைவர் சீட்ல உட்கார்ந்து, பேஸ் கிட்டார் தெளிவா இருக்கிற ஒரு பாட்டைப் போட்டு, பக்கத்துல ஒருத்தரை அதை மாத்தி மாத்தித் தட்டச் சொல்லுங்க. எதுல பேஸ் அதிகமா கேட்குதோ, அப்படியே விட்டுடுங்க.